உரிமம் இல்லாத வானொலியில் விளம்பரம் கொடுத்தவரும் குற்றவாளியா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பிரிட்டனில் சிறிய கடை நடத்தும் ஒருவரிடம் உள்ளூர் எஃப்எம் நிலையம் ஒன்று மலிவுக் கட்டணத்தில் விளம்பரம் போட்டுத் தருவதாகச் சொல்கிறது. அவரும் ஒப்புக்கொள்கிறார். நிலையத்துக்கு உரிமமே இல்லை என்பது பிறகு காதில் விழுகிறது. "உரிமம் வாங்காதது அவர்கள் தவறு. காசு கொடுத்து விளம்பரம் போட்ட நான் என்ன தவறு செய்தேன்? விளம்பரத்தை எதற்குச் சட்டத்துக்குள் இழுத்தார்கள்?"

முதலில் நேரடியான பதில். குற்றம்தான். பிரிட்டனில் வானொலி அலைகளின் பயன்பாட்டுக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2006-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம். அதன் 38-ஆம் பிரிவு, உரிமமற்ற ஒலிபரப்புக்குத் துணைபோகும் செயல்களை வரிசையாகச் சொல்கிறது. நிலையத்தின் நிர்வாகத்திலோ பண முதலீட்டிலோ அன்றாட வேலையிலோ பங்கெடுப்பது, கருவிகளைக் கொடுப்பது, பொருத்துவது, பழுதுபார்ப்பது, ஒலிப்பதிவு கொடுப்பது, நிகழ்ச்சியில் பேசுவது, பாடுவது எல்லாம் அதில் உண்டு. அந்த வரிசையிலேயே விளம்பரமும் வருகிறது. அப்படிப்பட்ட ஒலிபரப்பின் வழியாக விளம்பரம் செய்வது ஒன்று. "எங்களிடம் விளம்பரம் கொடுங்கள்" என்று பிறரை அழைப்பது இன்னொன்று. நிலையத்தின் ஒலிபரப்பு நேரங்களையோ விவரங்களையோ வெளியிடுவதும், நிலையத்தை வளர்க்கும் நோக்கில் வேறு இடத்தில் விளம்பரம் வெளியிடுவதும் மூன்றாவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. வானொலியில் உங்கள் கடைக்கு விளம்பரம் போட்டால் மட்டும்தான் சிக்கல் என்று நினைக்கிறார்கள். உங்கள் துண்டறிக்கையில் அந்த வானொலியின் பெயரையும் அலைவரிசை எண்ணையும் அச்சிட்டாலும் இதே பிரிவுக்குள் வந்துவிடுவீர்கள்.

தண்டனை சிறியதல்ல. மேல்நீதிமன்ற விசாரணையில் குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மேல்நீதிமன்றம்வரை போகக்கூடிய குற்றம் என்பதால், சில்லறைக் குற்றங்களுக்குப் பொருந்தும் ஆறு மாதக் காலவரம்பு இதற்குக் கிடையாது. "விளம்பரம் ஓடி ஒரு வருடம் ஆயிற்றே, இனி யார் கேட்கப்போகிறார்கள்" என்ற கணக்கு பொய்த்துப் போகலாம்.

ஆனால் இந்தப் பிரிவு கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் பிடிப்பதில்லை. "தெரிந்தோ, அப்படி நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தோ" என்ற சொற்களில்தான் வழக்கு நிற்கும், அல்லது விழும். நிலையத்துக்கு உரிமம் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் பேச்சே இல்லை. தெரியாது என்றாலும், சாதாரண அறிவுள்ள ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய அடையாளங்கள் கண்முன் இருந்தனவா என்பது அடுத்த கேள்வி. பணம் ரொக்கமாக மட்டும் வேண்டும் என்றார்கள், ரசீது இல்லை, முகவரி இல்லை, கைப்பேசி எண் மட்டும், நிலையம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை, அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகு "எனக்குத் தெரியாது" என்றால் அந்த வாதம் மெலிந்துவிடும். முதல் விளம்பரத்தின்போது உண்மையிலேயே தெரியாமல் இருந்தவர், உரிமம் இல்லை என்று காதில் விழுந்த பிறகும் அடுத்த மாத விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தால், அந்த இரண்டாவது கொடுப்பனவு முதலாவதைப் போன்றதல்ல. கேள்வி கேட்டவர் இப்போது நிற்பது சரியாக அந்த எல்லைக்கோட்டில்.

இனி, விளம்பரத்தை ஏன் இழுத்தார்கள் என்பதற்கு வருவோம். விடை கடலில் இருக்கிறது.

1964 ஈஸ்டர் சமயத்தில் ரேடியோ கரோலின் என்ற நிலையம் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் ஒரு கப்பலிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ரேடியோ லண்டன் வந்தது. அன்று பிரிட்டனுக்குள் சட்டப்படி இயங்கிய வானொலி பிபிசி மட்டும். விளம்பரத்துக்கு அங்கே இடமே இல்லை. நாள் முழுதும் பாப் இசை கேட்க ஆசைப்பட்ட இளைஞர்களும், அவர்களிடம் பொருள் விற்க ஆசைப்பட்ட நிறுவனங்களும் கப்பல் வானொலியில் சந்தித்துக்கொண்டார்கள். 1949-ஆம் ஆண்டின் பழைய கம்பியில்லாத் தந்திச் சட்டம் நாட்டின் எல்லைக்குள்தான் செல்லும். அப்போது கடல் எல்லை மூன்று கடல்மைல். தேம்ஸ் முகத்துவாரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலக் கோட்டைகளில் இருந்தபடி ஒலிபரப்பியவர்களைப் பழைய சட்டத்தாலேயே நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது, கோட்டை எல்லைக்குள் இருக்கிறது என்று காட்ட முடிந்ததால். எல்லைக்கு வெளியே வேறு நாட்டுக் கொடியோடு நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலை என்ன செய்வது? கடற்படையை அனுப்பி ஏறுவது சர்வதேசச் சட்டத்தில் பெரிய வம்பு.

ஆகவே கப்பலை விட்டுவிட்டு, கரையிலிருந்து கப்பலுக்குப் போகும் எல்லாவற்றையும் அறுப்பது என்று முடிவெடுத்தார்கள். இந்த யோசனையை முதலில் செயல்படுத்தியவர்கள் ஸ்காண்டிநேவியர்கள். டென்மார்க்கும் ஸ்வீடனும் 1962-லேயே சட்டம் போட்டன. ஸ்வீடன் கரைக்கு அப்பால் நின்ற ரேடியோ நோர்ட் அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி மூடியது. பிறகு ஐரோப்பிய கவுன்சில் 1965 ஜனவரி 22-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓர் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு வைத்தது. கையெழுத்திடும் நாடு, கப்பலிலும் விமானத்திலும் நிலையம் நடத்துவதோடு நில்லாமல், அதற்கு ஒத்துழைப்பதையும் தன் சட்டத்தில் குற்றமாக்க வேண்டும். ஒத்துழைப்பு என்றால் என்ன என்பதை ஒப்பந்தமே சொல்கிறது: கருவி கொடுப்பது, பழுதுபார்ப்பது, உணவும் எரிபொருளும் கொடுப்பது, ஆளையும் பொருளையும் ஏற்றிச்செல்வது, விளம்பரம் உட்பட ஒலிபரப்புக்கான எதையும் தயாரிப்பது அல்லது தயாரிக்கச் சொல்வது, நிலையத்துக்காக விளம்பரச் சேவை செய்வது.

பிரிட்டன் இதை 1967-இல் கடல்சார் ஒலிபரப்புக் குற்றங்கள் சட்டமாக இயற்றியது. ஆகஸ்ட் 14 நள்ளிரவோடு அமலுக்கு வந்தது. ரேடியோ லண்டன் அன்று பிற்பகல் மூன்று மணிக்கே தானாக மூடிக்கொண்டது. பிபிசி தன் பாப் நிலையமான ரேடியோ ஒன்றை அதே ஆண்டு செப்டம்பர் 30-இல் தொடங்கியது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள, தன்னாட்சி கொண்ட மான் தீவின் சொந்த நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்க மறுத்தபோது, லண்டன் தன் ஆணையின் மூலம் செப்டம்பர் 1 முதல் அங்கும் திணித்தது. கரோலினின் வடக்குக் கப்பல் அந்தத் தீவின் ராம்சி விரிகுடாவுக்கு அப்பால்தான் நின்றது என்பதை நினைத்தால் அவசரம் புரியும்.

கரோலின் மட்டும் நிற்கவில்லை. அலுவலகத்தை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அது பின்னர் நின்ற விதம். 1968 மார்ச்சில் அதன் இரண்டு கப்பல்களையும் இழுத்துக்கொண்டு போனது காவல்துறையல்ல, அவற்றுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த டச்சு நிறுவனம். காரணம், தீராத பாக்கி. விளம்பரக் காசு வற்றியது, பாக்கி ஏறியது, கடன்காரர் கப்பலையே இழுத்துச் சென்றார். சட்டம் எழுதியவர்கள் எண்ணிய பாதை இதுதான்: கருவியைத் தொட முடியாத இடத்தில் அதற்குச் சோறு போடும் கையைப் பிடி.

1967 சட்டத்தின் வரைவில் இரண்டு நுணுக்கங்கள் இருந்தன, தெரிந்துகொள்ளத் தக்கவை. முதலாவது, ஒலிபரப்பின் வழி விளம்பரம் எங்கே நடக்கிறது என்ற கேள்வி. ஒலிபரப்பு கிளம்பும் இடத்தில் மட்டுமல்ல, அது கேட்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் விளம்பரம் நடப்பதாகக் கொள்ளப்படும் என்று எழுதிவைத்தார்கள். "நான் ஒப்பந்தம் போட்டது வெளிநாட்டில், கப்பல் நின்றது பொதுக்கடலில்" என்ற வாதத்தின் காலை இந்த ஒரு வரி உடைத்துவிட்டது. இரண்டாவது, உபயதாரர் பற்றியது. "இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குபவர் இன்னார்" என்று ஒலிபரப்பில் சொன்னாலோ குறிப்பாக உணர்த்தினாலோ, அந்த இன்னார் விளம்பரம் செய்ததாகவே கருதப்படுவார். அப்படி வழங்கவில்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. நிரூபிக்கும் சுமையை இப்படித் திருப்பிப்போடுவது குற்றவியல் சட்டத்தின் பொது விதிக்கு மாறானது. நேரடி விளம்பரத்தை நிகழ்ச்சி உபயம் என்று பெயர் மாற்றி ஓட்டும் வழியை அடைக்கவே இதைச் செய்தார்கள்.

ஓட்டைகளும் இருந்தன. சட்டம் பிரிட்டிஷ் குடிமக்களைப் பொதுக்கடலிலும் துரத்தியது, ஆனால் பொதுக்கடலில் நிற்கும் வெளிநாட்டவரை அதே அளவுக்குத் துரத்த முடியவில்லை. 1984 மே மாதம் தொடங்கிய லேசர் 558 என்ற கப்பல் நிலையம் இதைக் கச்சிதமாகப் பயன்படுத்தியது. அறிவிப்பாளர்கள் அமெரிக்கர்கள், விளம்பர விற்பனை நியூயார்க்கில். நிகழ்ச்சிகளுக்கு நல்ல வரவேற்பு. ஆனாலும் பிரிட்டிஷ் கடைகளில் விற்கும் பொருளுக்கு பிரிட்டனில் இருக்கும் நிறுவனம் விளம்பரம் கொடுக்கப் பயந்தது, ஏனென்றால் அந்த நிறுவனத்தின் முகவரி கரையில் இருக்கிறது. 1985 ஆகஸ்டில் அரசு ஒரு கண்காணிப்புக் கப்பலைப் பக்கத்திலேயே நிறுத்தி, யார் வருகிறார்கள் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று குறிக்க ஆரம்பித்தது. நவம்பரில் லேசர் கரைக்கு வந்துவிட்டது. கேட்பவர் கூட்டம் இருந்தும் காசாக மாற்ற முடியாமல் போன நிலையத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. பெல்ஜிய நேயர்களைக் குறிவைத்த ரேடியோ மி அமிகோ என்ற கப்பல் நிலையம் 1970-களில் ஸ்பெயினுக்கு இடம்பெயர்ந்து அங்கிருந்து நிகழ்ச்சி தயாரித்ததும் இதே நெருக்கடியால்தான்.

நெதர்லாந்து இந்த ஒப்பந்தத்துக்கு வரப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அங்கே சட்டம் 1974 செப்டம்பர் 1-இல் அமலானது. முந்தைய நாள் மாலை அங்கிருந்த கப்பல் நிலையமான ரேடியோ வெரோனிகா மூடியது. வெரோனிகாவின் ஆட்கள் பின்னர் முறையான ஒலிபரப்புச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு பொது ஒலிபரப்பு அமைப்புக்குள்ளேயே வந்துவிட்டார்கள். இந்தப் பின்பகுதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

1967 சட்டம் கடலுக்கானது. நிலத்தில், அடுக்குமாடிக் கூரையில் டிரான்ஸ்மிட்டர் வைத்து நடத்தப்பட்ட நிலையங்களுக்கு விளம்பரம் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது 1990-இன் ஒலிபரப்புச் சட்டம். 1980-களில் லண்டனில் கூரை நிலையங்கள் பெருகிவிட்டன. கருவியைப் பறிமுதல் செய்தால் சில நாளில் புதுக் கருவி. ஸ்டூடியோ ஓரிடம், டிரான்ஸ்மிட்டர் இன்னோரிடம், நடுவே ஒரு மைக்ரோவேவ் இணைப்பு. கூரையில் பிடிபடுவது ஒரு பெட்டியும் ஆண்டெனாவும் மட்டும், ஆள் கிடைப்பதில்லை. இன்றைக்கு அந்த நடு இணைப்பை கைப்பேசி இணையமே செய்துவிடுகிறது, ஆளைத் தேடுவது இன்னும் கடினம். ஆனால் ஒலிபரப்பில் ஓர் இரவு விடுதியின் பெயர், தேதி, நுழைவுச்சீட்டுக் கட்டணம், கைப்பேசி எண் எல்லாம் நாளுக்கு இருபது தடவை ஓடும். முகவரி வைத்திருக்கும் ஒரே ஆள் விளம்பரதாரர். 1990 சட்டம் 1949 சட்டத்துக்குள் புதிய பிரிவுகளைச் செருகி, கடலில் செய்ததை நிலத்துக்கும் கொண்டுவந்தது. அதன் மறுபதிப்புதான் முதலில் சொன்ன 38-ஆம் பிரிவு. இடம் கொடுப்பவரையும் விடவில்லை: 37-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள இடத்தை இதற்குத் தெரிந்தே பயன்படுத்தவிடுவதைக் குற்றமாக்குகிறது.

"யாருக்கு என்ன நஷ்டம்? காலியாக இருக்கும் அலைவரிசைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. காலி என்பது பெரும்பாலும் காதுக்குத் தெரியும் காலி மட்டும். எஃப்எம் பட்டை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ்வரை. அது முடியும் இடத்திலேயே விமான வழிகாட்டல் கருவிகளின் பட்டை ஆரம்பித்துவிடுகிறது. 108-இலிருந்து 118 மெகாஹெர்ட்ஸ்வரை தரையிறங்கும் பாதையைக் காட்டும் கருவிகளும் திசைகாட்டி நிலையங்களும், அதற்கு மேலே விமானியும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்ளும் வழிகளும். மலிவான டிரான்ஸ்மிட்டரில் முதலில் விட்டுவிடுவது, வேண்டாத அலைகளைத் தடுக்கும் வெளியீட்டு வடிகட்டியைத்தான். ஒரே கூரையில் இரண்டு நிலையங்கள் இருந்து, ஒன்றின் சமிக்ஞை மற்றதன் கடைசிப் பெருக்கிக்குள் புகுந்தால் இரண்டும் கலந்து புதிய அலைகள் பிறக்கும். கணக்கு எளிது: 105.5-ஐ இரண்டால் பெருக்கி 98-ஐக் கழித்தால் 113. நிலையம் நடத்துபவர் 113-இல் எதையும் அனுப்பவில்லை என்று சத்தியம் செய்வார், உண்மையாகவே நம்பிச் செய்வார். ஆனால் விமானத்தின் வழிகாட்டிக் கருவி அங்கே இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதேபோல் 100 மெகாஹெர்ட்ஸின் இரண்டாம் மடங்கு 200-இல் விழுகிறது, டிஜிட்டல் வானொலி பயன்படுத்தும் பட்டைக்குள். இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு இந்தச் சட்டம் வெறும் அதிகார முறுக்காகத் தெரியாது.

அயர்லாந்து இதையே வேறு வரிசையில் செய்தது. அங்கே 1980-களில் உரிமமற்ற நிலையங்கள் வெளிப்படையாகவே, அலுவலகமும் விளம்பரக் கட்டணப் பட்டியலும் வைத்து நடந்தன. 1988-இல் இரண்டு சட்டங்களை ஜோடியாக நிறைவேற்றினார்கள். ஒன்று, விளம்பரம் உட்பட உரிமமற்ற நிலையத்துக்கான எல்லா ஆதரவையும் குற்றமாக்கியது. மற்றது, தனியார் வானொலிகளுக்கு உரிமம் கொடுக்க ஆணையம் அமைத்தது. டிசம்பர் 31 கடைசி நாள். அன்று பெரும்பாலான நிலையங்கள் மூடின. பிரிட்டனிலும் அதே நாளுக்குள் மூடியவர்கள் புதிய உரிமங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நிலை இருந்தது. கூரை நிலையமாக இருந்த கிஸ் எஃப்எம் அப்படி மூடிவிட்டு, 1990 செப்டம்பர் 1-இல் சட்டப்படியான நிலையமாகத் திரும்பி வந்தது. வெரோனிகாவைப் பற்றி மேலே சொன்னதன் காரணம் இதுதான். விளம்பரத் தடை தனியாக வந்தால் காசு இருட்டுக்குள் போய் ரொக்கமாக மாறும். விளம்பரதாரருக்குப் போக நியாயமான இடமும், நிலையத்துக்கு உள்ளே வர ஒரு கதவும் கூடவே திறந்தால்தான் தடை உண்மையாகவே வேலை செய்கிறது. 1967-இல் பிரிட்டன் அந்தக் கதவைத் திறக்கவில்லை. உள்நாட்டில் முதல் சட்டப்படியான விளம்பர வானொலி வர 1973 அக்டோபர் ஆயிற்று. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை நான் கொள்கைத் தவறாகவே கருதுகிறேன்.

உள்ளே வர நினைக்கும் நிலையக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1990 சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி, உரிமமற்ற ஒலிபரப்புக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒலிபரப்பு உரிமம் பெறத் தகுதியற்றவர். உரிமம் பெற்ற நிலையமும் அவரை நிகழ்ச்சித் தயாரிப்பிலோ இயக்கத்திலோ சேர்த்துக்கொள்ளக்கூடாது. ஒரே ஒரு வழக்கு வளரும் அறிவிப்பாளர் ஒருவரின் தொழிலை ஐந்து ஆண்டு பூட்டிவிடும்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு, அங்கே அணுகுமுறையே வேறு. உரிமமற்ற வானொலிக்கு எதிராக 2020 ஜனவரி 24-இல் கையெழுத்தான பைரேட் சட்டம், 1934-இன் தகவல்தொடர்புச் சட்டத்தில் 511-ஆம் பிரிவைச் சேர்த்தது. அபராதம் நாளொன்றுக்கு ஒரு லட்சம் டாலர், மொத்தம் 20 லட்சம் டாலர்வரை. பணவீக்கத்துக்கு ஏற்ப ஆண்டுதோறும் உயர்த்துவதால் இப்போது 23 லட்சத்துக்கு மேல். ஒலிபரப்புபவரையும், ஒலிபரப்பச் செய்பவரையும், தெரிந்தே அனுமதிப்பவரையும் அது பிடிக்கும். கட்டட உரிமையாளர்களுக்கு அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையம் (எஃப்சிசி) கடிதம் எழுதி, பத்து வேலை நாளுக்குள் பதில் கேட்பது இந்தச் சொற்களின் பலத்தில்தான். ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தைப் போல விளம்பரதாரரைப் பெயர் சொல்லித் தனி வரியில் அது குறிப்பிடவில்லை. பிரிட்டனில் விளம்பரக் காசைத் தொடுகிறார்கள், அமெரிக்காவில் கூரையைத் தொடுகிறார்கள். நியூயார்க், நியூஜெர்சி, ஃபுளோரிடா மாநிலங்களுக்கு இதற்கென்று சொந்தக் குற்றவியல் சட்டங்கள் உண்டு. ஃபுளோரிடாவில் அது கடுங்குற்ற வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் விளம்பரம் கொடுக்கும் ஒருவர் "என்னைப் பற்றிச் சட்டத்தில் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நிலையத்தின் செலவை மொத்தமாக ஏற்று நடத்தவைப்பவர் "ஒலிபரப்பச் செய்பவர்" என்ற சொல்லுக்கு ஆபத்தான அளவு பக்கத்தில் நிற்கிறார்.

இப்போது நடைமுறை. பிரிட்டனில் ஒரு நிலையம் விளம்பரம் கேட்டு வந்தால், உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. முதலில் அலைவரிசை எண்ணைத் தசமப் புள்ளிவரை குறித்துக்கொள்ளுங்கள். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தன் தளத்தில் உரிமம் பெற்ற நிலையங்களின் பட்டியலையும், ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசை, இடம், சக்தி ஆகியவற்றைக் கொண்ட அட்டவணையையும் வெளியிடுகிறது. பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. அலைவரிசையும் ஊரும் பொருந்த வேண்டும். ஓர் ஊரில் உரிமம் உள்ள நிலையத்தின் பெயரை இன்னோர் ஊரில் வேறொருவர் வைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்து, உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரும் உங்களிடம் வரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஏமாற்றுவதற்குக் காட்டப்படும் தாள்கள் பெரும்பாலும் இவை. இசை உரிமைச் சங்கங்களான பிஆர்எஸ், பிபிஎல் ஆகியவற்றின் உரிமம்: அது பாடல்களின் பதிப்புரிமைக்கான அனுமதி, அலைவரிசைக்கானது அல்ல. நிறுவனப் பதிவுச் சான்று: யார் வேண்டுமானாலும் நிறுவனம் பதியலாம். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துகொண்டிருக்கிறது" என்ற கடிதம்: விண்ணப்பம் உரிமம் ஆகாது, அதுவரை ஒலிபரப்ப உரிமையும் கிடையாது. வெளிநாட்டு உரிமம்: பிரிட்டன் மண்ணில் உள்ள டிரான்ஸ்மிட்டருக்கு அது செல்லாது. எதிர்த்திசையில் ஒரு தவறும் நடக்கும். விழாக்களையும் சமய மாதங்களையும் ஒட்டி 28 நாள்வரை தற்காலிக உரிமம் கொடுப்பது வழக்கம். அந்த நிலையங்கள் நிரந்தரப் பட்டியலில் இல்லாததால் சிலர் அவற்றை உரிமமற்றவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உரிமத்தின் தொடக்க, முடிவுத் தேதிகளைக் கேட்டு வாங்கி, உங்கள் விளம்பரம் அந்தத் தேதிகளுக்குள் மட்டும் ஓடுமாறு பார்த்துக்கொண்டால் போதும்.

இன்று அதிகம் வழுக்குவது இணைய வானொலி விஷயத்தில். இணையத்தில் மட்டும் ஒலிபரப்ப ஆஃப்காம் உரிமம் தேவையில்லை. ஆகவே "நாங்கள் ஆன்லைன் ரேடியோ" என்று சொல்லி விளம்பரம் வாங்கி, அதே ஒலியைக் கூரையிலுள்ள டிரான்ஸ்மிட்டருக்கும் அனுப்புபவர்கள் உண்டு. ஒப்பந்தம் இணையத்துக்கு, ஓடுவது எஃப்எம்மிலும். உங்களுக்குத் தெரியாமல் நடந்தால் மேலே சொன்ன "தெரிந்தோ, நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தோ" என்ற சொற்கள் உங்களைக் காக்கும். தெரிந்துகொண்டு வாய்மூடி இருந்தால் காக்காது. அவர்களுடைய தளத்திலோ சமூக ஊடகப் பக்கத்திலோ எஃப்எம் எண் எழுதியிருக்கிறதா, அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரோடு எண்ணையும் சொல்கிறாரா என்று அரை மணி நேரம் கேளுங்கள். எழுத்தில் ஒரு வரி சேருங்கள்: விளம்பரம் இணைய ஓடையில் மட்டும் வரும், எந்த உரிமமற்ற அலைவரிசையிலும் வராது, வந்தால் ஒப்பந்தம் அந்தக் கணமே முடியும். நேர்மையான நிலையம் இதில் கையெழுத்திடத் தயங்காது.

பணமே கைமாறவில்லை, பண்டமாற்றாகத்தான் விளம்பரம் என்பதும் காப்பாகாது. சட்டம் சொல்வது விளம்பரம் செய்வதை. பணம் கொடுப்பதை அல்ல. விளம்பர முகவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: வாடிக்கையாளரிடம் "இந்த நிலையத்தில் போடலாம்" என்று பரிந்துரைப்பதே பிறரை விளம்பரத்துக்கு அழைப்பதாகிவிடும். ஒருவேளை நீங்கள் கேட்காமலேயே அறிவிப்பாளர் நட்பின் பேரில் உங்கள் கடையைப் புகழ்கிறார் என்றால், நிறுத்தச் சொல்லி ஒரு செய்தி அனுப்பிவிட்டு அதைப் பத்திரமாக வைத்திருங்கள். வாயால் சொன்னது பின்னால் நிற்காது.

கேள்வி கேட்டவரைப் போல ஏற்கெனவே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தேதியும் நேரமும் தெரியட்டும். அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள். நிலையத்தின் பெயர் உள்ள துண்டறிக்கை, சுவரொட்டி, சமூக ஊடகப் பதிவு ஆகியவற்றை எடுத்துவிடுங்கள், ஆனால் ஒப்பந்தம், செய்திகள், பணம் கொடுத்த ஆதாரம் ஆகியவற்றை அழிக்காதீர்கள். எப்போது தெரியவந்தது என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அவைதான், அழித்தால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஒழுங்குமுறை அமைப்பிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு "தெரியாது" என்ற சொல்லுக்கு இடமில்லை. பதில் எழுதும் முன் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

கொடுத்த காசு திரும்ப வருமா? நிலையம் உங்கள்மேல் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது என்பது நடைமுறையில் நிச்சயம். சட்டவிரோத ஒலிபரப்புக்கான கட்டணத்தை நீதிமன்றத்தில் போய்க் கேட்பவர் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்கிறார். உங்கள் பக்கம் சற்றே மேல். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2016-இல் பட்டேல் எதிர் மிர்சா வழக்கில், சட்டவிரோத ஒப்பந்தத்தில் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பது தன்னியல்பாகவே அடைபட்டுவிடாது என்றது. அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு எது ஒத்துப்போகும் என்று நீதிமன்றம் எடைபோடும். ஆனால் பில் இல்லாமல், பெயர் தெரியாத ஒருவர் கையில் கொடுத்த ரொக்கத்துக்கு யார்மேல் வழக்குப் போடுவது என்ற இடத்தில் அந்த உரிமை நின்றுவிடுகிறது.